கொலம்பஸ் கப்பலில் ஒரு கூச்சல்

கரியாலூரிலிருந்து மலையிறங்கி, கள்ளக்குறிச்சிப் பொருட்காட்சிக்கு மகளைக் கூட்டிப்போயிருந்தேன். அவள் மட்டும் ஏறிய கொலம்பஸ் கப்பல் ராட்டினம் ஆடி உயர்ந்ததும் அவள் போட்ட கூச்சலில், கீழே நின்ற எனக்கு உயிரே போய்விட்டது. ஓட்டுபவரிடம் சண்டை போட்டு நிறுத்த வைத்தேன்.

இறங்கியவள் அழவில்லை, முறைத்தாள்.

"இன்னாம்மா நீ! நான் பயந்தா கத்துனேன்? வூட்டுல சிரிச்சாக்கூட, பொம்பளப் புள்ளைக்கு இன்னா சத்தம்னு திட்டுற. இங்க எவ்ளோ கத்துனாலும் யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் ஏறுனேன்."

என் அம்மா என்னைத் திட்டிய அதே வார்த்தைகள். இனி என் வாயில் அவை வரக்கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தேன். இரண்டு டிக்கெட் வாங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன்.

கப்பல் உச்சிக்குப் போனபோது, மகள் தன் கத்தலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது அன்றுவரை எனக்கே தெரியாது.