எழுத்து தெரியாமல் நான் அடுக்கிய பத்து அட்டைகள்

கலைச்செல்வி மேடம் போய்விட்டார்... பஸ் ஸ்டாண்ட் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். எழுத்துக்கூட்டி நானே படித்தேன். இரண்டு தரம் படித்தேன்.

தொண்ணூறுகளில் வேங்கிக்கால் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். நான் அங்கே வாட்ச்மேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது மேடத்துக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் பார்க்க, தினமும் பேப்பரை விரித்து வைத்து உட்கார்ந்திருப்பேன்!

ஒருநாள் கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்களுக்குக் காட்ட மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் பத்து அட்டை, பத்துப் பெயர், எல்லாம் இங்கிலீஷில். சுவரில் ஏபிசிடி சார்ட்.

"பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு அட்டைய எடுங்கண்ணே. முதல் எழுத்து சார்ட்ல எங்க இருக்குதுனு பாருங்க. எது முன்னாடி வருதோ அத இடது பக்கம் வைங்க. மாத்த ஒண்ணுமே இல்லன்ற வரைக்கும் திரும்பத் திரும்ப செய்ங்க. அவ்ளோதான்."

வடிவத்தை மட்டும் பார்த்து மாற்றி மாற்றி வைத்தேன். பத்தும் வரிசையில் வந்துவிட்டன. ஒரே கைதட்டல்!

"அண்ணே, இங்கிலீஷ்ல பின்றீங்களே!" என்றாள் ஒரு மாணவி.

"அண்ணனுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. கம்ப்யூட்டரும் இப்டித்தான். ஒண்ணும் புரியாது, சொன்னத செய்யும்" என்றார் மேடம், பாடம் நடந்த சந்தோஷத்தில்.

மேசை ஓரத்தில் என் பேப்பர் கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்... மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை.

மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மெஷின் வர்றதுக்கு முன்னாடி, கணக்கு போட ஆளுங்கதான் வரிசையா உக்காந்திருப்பாங்கண்ணே. அவங்களத்தான் கம்ப்யூட்டர்னு சொல்வாங்க. அந்த நெனப்புல பேசிட்டேன்."

"மெஷினுக்கு வெக்கம் கெடயாது மேடம். எனக்கு இருக்குது" என்றேன்.

"நாளைக்கு வந்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் கிளாஸில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "முந்தாநேத்து பாடத்துல பாதிய விட்டுட்டேன். மீதிய அண்ணன் சொன்னாரு."

அப்புறம் தனியாக, "படிக்கக் கத்துக்கறீங்களாண்ணே? நான் சொல்லித் தர்றேன்" என்றார். "இந்த வயசுல இன்னாத்துக்கு மேடம்" என்று வீம்பு பிடித்தேன்.

"எப்ப தோணுதோ அப்ப வாங்க."

போன வருஷம்தான் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது பஸ் போர்டு, சோப்பு உறை, எதையும் விடுவதில்லை! ஒருநாள் மேடம் முன்னால் போய் நின்று, மேசையில் எது கிடக்கிறதோ அதை எடுத்துப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. இன்னும் கொஞ்சம் வேகம் வரட்டும் என்று தள்ளிப் போட்டேன்...

மேடம், படிக்க மெதுவாத்தான் வருது. ஆனா வந்துடுச்சு. போய்ட்டு வாங்க.