திரைக்கு வெளியே நின்ற ஊர்

கள்ளக்குறிச்சியில் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாகப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. வெள்ளிமலைக்கு பஸ் ஏறும்போது பனி வந்து கண்ணாடியை மூடுமே, அப்படி. யாரிடமும் சொல்லவில்லை. கண் சரியில்லாதவளிடம் யார் மனு அடிக்கக் கொடுப்பார்கள்? முதலாளிக்குத் தெரிந்தால் இந்த நாற்காலி போய்விடும். எனக்கோ இதைவிட்டால் வேறு வேலை தெரியாது.

கம்ப்யூட்டரிலேயே பூதக்கண்ணாடி இருக்கிறது. விண்டோஸ் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து பெரிதாகும். பின்னணியைக் கறுப்பாக்கிவிட்டால் கண் கூச்சமும் கம்மி. வெளியே வெயில் வெளுத்துக் கிடக்கும் மத்தியானங்களில், ஒரே ஒரு ‘ழ’ திரை முழுக்க மிதந்து வரும். அதன் வளைவுக்குள் நுழைந்து நிதானமாக வெளியே வருவேன். எதிரே ஆள் காத்துக்கொண்டிருக்கும்போது இப்படிக் கனவு காண்பது எனக்குப் பிடிக்கும். திமிர்தான்.

திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளையும் போட்டுக்கொண்டேன். ஹெட்போனை ஒரு காதில்தான் மாட்ட வேண்டும், மற்றக் காது ஆட்களுக்கு. பாட்டுக் கேட்கிறேன் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். பழகும்வரை வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மவுசை மறந்துவிட்டுக் கீழ் அம்பைத் தட்டினால் ஒவ்வொரு வரியாகச் சொல்லும். ஜலதோஷம் பிடித்தவர் பேசுகிற தமிழ்தான். ஆனாலும் யாரோ எனக்கு மட்டும் ரகசியம் சொல்வதுபோல இருக்கும், கேட்டுக்கொண்டே எங்கோ போய்விடுவேன்.

போன வருடம் வெள்ளிமலையிலிருந்து ஓர் அக்கா வந்தார். மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும், அதற்கு மனு. எங்கள் கடைகளில் புது மனு என்று ஒன்று கிடையாது. பழைய மனுவைத் திறந்து பேரையும் ஊரையும் மாற்றினால் அதுதான் புது மனு. அன்றைக்கு நைனார்பாளையத்துக்காரர் ஒருவருடையதைத் திறந்தேன். பெரிதாக்கிய திரையில் ஒரு மூலைதான் தெரியும். மேலே மாற்றினேன், கீழே மாற்றினேன். நடுவில், வலது ஓரத்தில் ஓர் இடத்தில் இருந்த நைனார்பாளையம் திரைக்கு வெளியே நின்றுவிட்டது. வாசிக்கும் குரலை முழுக்க ஒருமுறை ஓடவிட்டிருந்தால் காது பிடித்திருக்கும். சோம்பல், விட்டுவிட்டேன்.

காகிதத்தை நீட்டினேன். அக்கா மேலிருந்து கீழ்வரை முகத்தை நகர்த்திப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவரே படித்துவிட்டார் என்று எனக்கு நிம்மதி.

நாலு நாள் கழித்துத் திரும்ப வந்தார். ஊர் தப்பாக இருக்கிறதென்று மனுவைத் திருப்பிவிட்டார்களாம். கல்லூரியில் சொன்ன கெடுவுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் போடவில்லை, அதுதான் சுட்டது. பக்கத்து மேஜையில் முதலாளி டைப் அடித்துக்கொண்டிருந்தார். நீங்களும்தானே படித்துப் பார்த்தீர்கள் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அப்படி நினைத்ததே வெட்கமாக இருந்தது.

“எனக்குக் கண்ணு சரியா தெரியலக்கா. அதான் தப்பாயிடுச்சி,” என்றேன்.

முதலாளியின் விரல்கள் நின்றது கேட்டது. அக்கா என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

“எனக்குப் படிக்கவே தெரியாதும்மா. கையெழுத்து மட்டும் கத்துக்கினேன். படிச்சிக் காட்டுன்னு கேட்டா இன்னா நெனைப்பியோன்னு சும்மா பாத்துக்கினு இருந்தேன்.”

ஊரைத் திருத்தினேன். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். முதலாளி எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். கம்ப்யூட்டர் மனுவை முழுக்க வாசித்தது. மகள் பேர் வந்தபோது அக்கா சிரித்தார். ஊர் பேர் வந்ததும், இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொல்லவைத்தேன்.

கையெழுத்துப் போட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினார்.

“என்னை மாதிரி எங்க ஊர்ல ஜாஸ்தி பேரு இருக்காங்க. இனிமே எல்லாரையும் உங்கிட்டயே இட்டுக்கினு வரேன்,” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.