வலது சரி, இடது சரி

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் பேருந்து ஓட்டுநர் குராயிஷி அண்ணாந்து கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்துக்கொள்கிறார். வெள்ளை உறை மாட்டிய விரலை நீட்டி, "வலது சரி, இடது சரி" என்று முணுமுணுக்கிறார். ஜப்பானின் கனசாவாவில் பேருந்து ஓட்டுகிற எல்லோரும் இப்படி விரல் நீட்டி, வாய்விட்டுச் சொல்லி, "புறப்படலாம்" என்று முடித்துத்தான் வண்டியை எடுப்பார்கள். அவர்கள் சொல்வது சாலைக்கு. மூக்குக்கும் சேர்த்துச் சொல்கிற ஆள் இவர் ஒருவர்தான்.

எல்லாம் மகள் மினோரியின் முதல் சம்பந்தம் முறிந்த பிறகு வந்த வியாதி. இரு வீட்டாரும் சந்தித்த அந்த விருந்து முழுக்க மாப்பிள்ளையின் அம்மா இவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒரு முடி வெளியே எட்டிப் பார்க்கிறது! இந்த ஊரில் சட்டைப் பொத்தான் விட்டுப்போனால்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். மூக்கு முடியையா சொல்லப்போகிறார்கள்? "ஒருத்தரும் வாயத் திறக்கலையே! எம் பொண்ணு வாழ்க்கையை நானே கெடுத்துட்டேனே!" என்று மனைவியிடம் இன்னும் குமுறுகிறார்.

இன்று மதியம் இரண்டாவது மாப்பிள்ளை வீட்டாரோடு விருந்து. பேரங்காடியின் மேல்மாடி உணவகத்துக்குப் போகும் லிஃப்டில் கண்ணாடி. வலது சரி. இடது... ஐயோ! விரலால் பிடித்து இழுத்தார். கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

நடுவில் இறங்கி, மின்சாமான் பகுதிக்கு ஓடினார். மூக்கு முடி ட்ரிம்மரே ஒரு அலமாரி நிறைய இருந்தது.

"யாருக்குங்க ஐயா?" என்றாள் விற்பனைப் பெண்.

"தெரிஞ்ச ஒருத்தருக்கு."

"அவருக்கு முடி மெல்லிசா, கெட்டியா?"

"எனக்கெப்படித் தெரியும்? ...கெட்டிதான். நரைச்சதும் இருக்கு."

"அப்ப சுத்துற பிளேடு வேணாங்க, கெட்டி முடியப் பிடிச்சு இழுத்துடும். இது அப்படியே நறுக்கிடும்."

பேசி முடிக்கும்வரை அவள் பார்வை அவர் கழுத்துக்கு மேலே ஏறவே இல்லை. பார்த்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. "பரிசுதானே, அழகாக் கட்டித் தரேன்" என்றாள். வேண்டாமென்றால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! தாளை மடித்து, மடிப்பை நீவி, நாடாவை முடிந்து, பிடிக்காமல் அவிழ்த்து, மறுபடி முடிந்தாள். குராயிஷி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு கையாலும் நீட்டியதை வாங்கிக்கொண்டு மேல்மாடிக் கழிப்பறைக்குள் புகுந்து பிய்த்தெறிந்தார். எல்லாம் இருந்தது, பேட்டரி இல்லை.

வெளியே கிமோனோவில் மினோரி நின்றிருந்தாள். "எங்கப்பா போனீங்க? அவங்க எல்லாரும் வந்து உட்கார்ந்தாச்சு."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "நான் வரலம்மா. தலைவலின்னு சொல்லிடு. உனக்கு மறுபடியும் ஒரு கெடுதல் பண்ண என்னால ஆகாது."

"முதல்ல கையை எடுங்க." பையிலிருந்து புருவம் வெட்டும் குட்டிக் கத்தரிக்கோலை எடுத்தாள். "அன்னைக்கும் பார்த்தேன்பா. சொல்ல வாய் வரல."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே! அந்த இடம்..."

"ஆடாதீங்க, குத்திடும். அந்த இடம் மூக்கால போகலப்பா. எனக்குப் பிடிக்கல, நான்தான் தரகர்கிட்ட வேணாம்னு சொல்லச் சொன்னேன். நீங்க இப்படி மூக்கு மேல பழியப் போட்டுக்குவீங்கன்னு யார் கண்டா?"

கத்தரி மெல்லச் சத்தமிட்டது.

"இவனை?" என்றார்.

"இவரைப் பிடிச்சிருக்குப்பா."

மினோரி ஓரடி பின்னால் போய், அவரைப் போலவே விரலை நீட்டினாள். "வலது சரி, இடது சரி." சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அடுத்த வார்த்தை அவர் சொல்ல வேண்டியது. நாள் முழுக்க வாயில் புரளுகிற 'புறப்படலாம்'தான். குராயிஷி விருந்து அறையின் கதவைப் பார்த்துக் கையை நேராக நீட்டினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நீட்டிய விரல் மட்டும் அப்படியே நின்றது.