பின்சீட்டுக்காரி

யேசுதாசனுக்கு ரோட்டில் வாய் கிடையாது. இராஜாக்கமங்கலம் துறையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. லாரிக்காரன் உரசிக்கொண்டு போனாலும், கார்க்காரன் காது கிழிய ஹாரன் அடித்தாலும், மனுஷன் பைக்கை மண்ணில் இறக்கி ஒதுங்கிக் கொடுப்பானே தவிர, ஒரு சொல் திருப்பிச் சொல்ல மாட்டான். அவனுக்கும் சேர்த்துப் பேசத்தான் பின்னால் பெண்டாட்டி விக்டோரியா இருந்தாளே.

காலையில் மீன் ஏலம் முடிந்ததும் ரெண்டு பேரும் புறப்படுவார்கள். அவள் மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தை மடியில் ஏந்தி, சைடாக உட்கார்ந்து, ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொள்வாள். எறும்புக்காடு வரைக்கும் வீடு வீடாகச் சாளையும் நெத்திலியும் விற்பார்கள். வழியில் எவனாவது வண்டியைக் குறுக்கே விட்டானோ, போச்சு.

"ஓய், இந்த ரோடு ஒம்ம பெண்டாட்டி சீதனமாக் கொண்டுவந்ததாக்கும்?"

"ஏட்டி, சும்மா இரி. அவன் போயிட்டான்."

"போனா என்ன? சொல்ல வேண்டியதச் சொல்லணும். ஒம்மள மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போனா, கடைசியில நாம கடலுலதான் வண்டி ஓட்டணும்."

யேசுதாசன் சிரிப்பான். ஹெல்மெட்டுக்குள் சிரித்தாலும் தோள் குலுங்குவதில் அவளுக்குத் தெரிந்துவிடும்.

போன தவக்காலத்தில் ஒரு காலை. ரோட்டோரம் நின்ற வெள்ளைக் காரின் கதவு படாரென்று திறந்து, விக்டோரியாவின் முட்டில் இடித்தது. அவள் தலையடிபட விழுந்தாள். ரோடு முழுக்க நெத்திலி சிதறிக் கிடந்தது. சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கதவைத் திறந்தவன் அன்னியன் இல்லை. அதே தெருக்காரன், குவைத்திலிருந்து லீவில் வந்த ஜெனோ. தன் காரிலேயே அவளைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் அங்கே வைத்து அவன் ஒரு வார்த்தை சொன்னான்.

"கதவு முன்னயே தொறந்துதான் இருந்துது. மாமி சருவத்தோட சைடா இருந்தாவ, பேலன்ஸ் போயி விழுந்திட்டாவ."

அந்தப் பேச்சு ஊரில் ஒட்டிக்கொண்டது. சவப்பெட்டியைச் சுற்றி அழுத பெண்டுகளே சொன்னார்கள், "அவ வண்டியில ஒழுங்கா இருந்திருந்தா விழுவாளா?" யேசுதாசன் காதில் விழத்தான் செய்தது.

பயல் திரும்ப வெளிநாடு போக வேண்டியவன், கேஸ் வேண்டாம் என்றார்கள். யேசுதாசனும் சரி என்றான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டேன் என்று ஜெனோ நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். காலமெல்லாம் பின்சீட்டில் இருந்தவளுக்கு வண்டியில் இருக்கத் தெரியாது என்று ஊர் பேசலாமா?

அதைக் கேட்க வாய் வேண்டுமே. ஒரு நாள் ஜெனோவின் வீட்டுக்கே போனான். ஜெனோவின் அம்மா கிரேசி கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னார் சாமியார். முன்னால் நின்ற ஜெனோ திரும்பிக் கைகூப்பினான். யேசுதாசன் கட்டின கையை எடுக்கவில்லை.

"அண்ணே, கோயிலுக்குள்ளயுமா?" என்று தங்கச்சி ராகேல் இடித்தாள்.

பிடிவாதம் என்றார்கள். பிடிவாதம்தான். அதில் என்ன குற்றம்?

அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வரும்போது, முன்னால் போன ஜெனோவின் கார் கோயில் நடைக்கு எதிரே ஓரமாக நின்றது. யேசுதாசன் பின்னாலேயே பைக்கை நிறுத்தினான். காருக்குள் ஜெனோ கண்ணாடியைப் பார்த்தான். கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தான். கதவைச் சாண் அளவு திறந்து, மறுபடியும் எட்டிப் பார்த்தான். ரெண்டு பேர் கண்ணும் சந்தித்தன.

யேசுதாசன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"மக்கா, இந்தப் பார்வைய அண்ணைக்குப் பாத்திருந்தா என் பெண்டாட்டி இருந்திருப்பாளே."

நடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. ராகேல் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா..." என்றான் ஜெனோ. பார்க்காமல் கதவைத் திறந்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் அவன் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, விக்டோரியாவுக்கு வண்டியில் இருக்கத் தெரியாது என்று ஊரில் யாரும் பேசியதும் இல்லை.

அன்றைக்கு யேசுதாசன் பைக்கை விட்டு இறங்கவில்லை. ரோட்டிலேயே நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் வேறொரு கார் வந்து ஓயாமல் ஹாரன் அடித்தது.

பழக்கம்போல அவன் பைக்கை மண்ணில் இறக்கி ஒதுங்கிக் கொடுத்தான். கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தபடி அவன் நின்றான். பின்சீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.