மாமனாருக்கு இரண்டு திரை

என் மாமனார் நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருஷம் டைப்பிஸ்ட். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, முதல் ஆபரேஷனிலேயே குரல் போய்விட்டது. இதைவிட அநியாயம் உண்டா?

சிலேட்டில் எழுதிக் காட்டினால், பாதி எழுதுவதற்குள் ஆளாளுக்குப் பதில் சொல்லிவிடுவார்கள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பிழையுள்ள தாளை ஒருநாளும் தன் மேஜையைத் தாண்ட விடாதவர் அவர். அதனால் நான், புரோகிராம் எழுதிப் பிழைக்கிற மருமகன், ஆபீஸில் ஒதுக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிவந்து இரண்டு மானிட்டர் மாட்டினேன். அந்தக் கால மெஷினில் பச்சைத் திரைக்கும் கலர் திரைக்கும் நினைவகத்தில் தனித்தனி இடம். எந்த இடத்தில் எழுத்தைப் போடுகிறோமோ அந்தத் திரையில் தெரியும். பச்சைத் திரை அவர் பக்கம், அடிக்கலாம், அழிக்கலாம். எண்டர் தட்டினால்தான் வரி எங்கள் பக்கக் கலர் திரைக்கு வரும். தமிழ் எழுத்து அதில் கிடையாது. ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்க வேண்டும்.

முதல் நாளே பெரிய கேள்வி காத்திருந்தது. இரண்டாவது ஆபரேஷன் செய்யலாமா என்று அன்று சாயங்காலத்துக்குள் டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். மாமியாரும் மச்சானும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"அப்பா, உங்க இஷ்டம்தான். பண்ணலாமா, வேண்டாமா?" என்றார் மச்சான்.

மாமனார் அடிக்கத் தொடங்கினார். அடிக்க அடிக்க எங்கள் திரையிலும் எழுத்துகள் வந்தன.

'வேண்டாம். வலி தாங்கல. என்னை விட்டுடுங்க.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலர் திரை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அங்கேயும் போடும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். முட்டாள், முட்டாள்!

அவர் இன்னும் எண்டர் தட்டவில்லை. தலையைத் தூக்கி மாமியாரைப் பார்த்தார். அவரோ கைகளை இறுகக் கோத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் குனிந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். வரி முழுக்க எங்கள் கண்ணெதிரே போயிற்று.

'சரி. பண்ணுங்க.'

எண்டர் தட்டினார்.

மச்சான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மாமியாருக்கு ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாது.

"என்ன சொல்றாரு மாப்பிள்ளை? நீங்களாவது வாயைத் திறங்களேன்!"

அவரே அழித்ததை நான் எப்படிச் சொல்வது? சொல்லாமல் அந்த உடம்பை மறுபடி கத்திக்கு எப்படி அனுப்புவது? மச்சானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"பண்ணச் சொல்றார், அத்தை."

"நான் சொல்லல? அவருக்கு மனசுல தைரியம் ஜாஸ்தி!" மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மச்சான் டாக்டருக்குப் போன் செய்ய எழுந்து போனார்.

மாமனார் மறுபடி அடித்தார்.

'மாப்பிள்ளை, நல்லா பண்ணியிருக்கீங்க. இப்பதான் நிம்மதியா பேச முடியுது.'

அவர் எண்டர் தட்டும்வரை காத்திருந்து, அப்போதுதான் படித்தவன்போலத் தலையாட்டினேன்.