ஐம்பதுக்கு இரண்டு

மூக்கண்டப்பள்ளியில் ஒரு பம்பு கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. மெஷினிலிருந்து வரும் ஷாப்டுகள், அதாவது பம்பைச் சுழற்றும் இரும்புத் தண்டுகள், அத்தனையையும் அளக்க மாட்டோம். ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரு தொகுதிக்கு, ஐம்பதை மட்டும் எடுத்து கேஜ் என்ற அளவுகருவியில் வைத்துப் பார்ப்போம். இரண்டு வரை பழுதென்றால் மொத்த லாட்டும் பாஸ். பழுதானவை சிவப்புப் பெட்டிக்குப் போகும். பதினோரு வருடமாக இதையே செய்ததில், உலகத்தில் எதையும் இப்படியே அளந்துவிடலாம் என்ற திமிர் எனக்கு வந்திருந்தது.

கேண்டீன் டிவியில் தமிழ்ச் சேனலா கன்னடச் சேனலா என்று தினமும் ஒரு தகராறு நடக்கும். நாட்டின் எல்லையில் அந்நியப் படையோடு சண்டை மூண்ட வாரம் அந்தத் தகராறு இல்லை. எல்லாச் சேனலிலும் ஒரே செய்தி. நான் மதுரைப் பக்கத்து ஆள், வாய்க்குக் குறைச்சலில்லை. ஒரு மத்தியான டீ நேரத்தில், வீரர்கள் சிலர் இறந்த செய்தி வந்தபோது, "எவ்வளவு பெரிய காரியம் நடக்குது! ஐம்பதுக்கு ரெண்டு போறதெல்லாம் ஒரு கணக்கா? லாட் பாஸுய்யா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கிரைண்டிங் மெஷின் ஓட்டும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். மகன் பட்டாளத்தில் இருப்பது எனக்குத் தெரியும். அவன் அந்த எல்லையில்தான் இருக்கிறான், நான்கு நாளாகப் போன் இல்லை என்பது தெரியாது.

"எங்க வூட்ல ஒண்ணே ஒண்ணுதான் சார். அதுல எப்படி சாம்பிள் எடுப்பீங்க?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மத்திகிரி பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை மனசுக்குள் வாதாடிக்கொண்டுதான் வந்தேன். நாடு என்றால் இழப்பு இருக்காதா? சும்மா விட்டால் நாளைக்கு இன்னும் நிறையப் பேர் சாக மாட்டார்களா? இவை தப்பான கேள்விகள் என்று இப்போதும் நினைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துச் சண்டை நின்றது. நோக்கம் நிறைவேறிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். மறுநாள் ஷிப்டு தொடங்குமுன் அக்கா என் மேசைக்கு வந்தார். மகன் பேசிவிட்டானாம், நன்றாக இருக்கிறானாம். அவனோடு ஒரே பதுங்குகுழியில் இருந்த பையன்தான் போய்விட்டானாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"விடுங்க சார், உங்கள மட்டும் சொல்லி என்ன பண்றது?" என்று தடுத்தார். போகாமல் அங்கேயே நின்றார்.

"யாரு போனாலும் போகட்டும், எம்பையன் இருந்தா போதும்னு இத்தன நாளும் மாரியாத்தாகிட்ட வாய்விட்டுக் கேட்டேன் சார். அந்தப் பையனோட அம்மாவும் அதத்தான கேட்டிருப்பா?"