செம்பு டொக்டர் சொன்ன கோப்பை

செய்தி வந்தபோது நான் ஹாலிஎல பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பதுளையில் எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. பிறந்தநாள் கேக்குகளும் மழை எச்சரிக்கைகளும்தான் பெரும்பாலும் அதில் வரும். அன்று காலை, "டொக்டர் பரமேஸ்வரி கொழும்பில் தங்கை வீட்டில் காலமானார்" என்று ஒரு வரி வந்தது. அடுத்த நிமிடமே அதன் கீழே யாரோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் போட்டிருந்தார். பிறகு, "மன்னிக்கவும், கண்ணாடி போடவில்லை" என்று எழுதினார். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டொக்டர் இருந்திருந்தால் அந்தக் கட்டைவிரலை நினைத்து ஒரு வாரம் சிரித்திருப்பார். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு வருடத்துக்கென்று வந்தவர் அவர். ஓய்வு பெறும்வரை பதுளையை விட்டுப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "இஞ்சத்தைக் கிருமியள் நல்ல கெட்டிக்காரர். விட்டிட்டுப் போக மனம் வரேல்லை" என்பார்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவருடைய கவலையும். நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த சிறு கடதாசி வட்டங்களை அதன் மேல் வைப்பது எங்கள் வேலை. மருந்து பலித்தால் அதைச் சுற்றிக் கிருமி செத்து ஒரு வளையம் தெளியும். வருடங்கள் போகப் போக அந்த வளையங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. சில மருந்துகளுக்கு வளையமே விழவில்லை.

"புது மருந்து வருமெண்டு பார்த்துக்கொண்டிருக்கேலாது, ராமையா" என்றார் என்னிடம் ஒருநாள். "இருக்கிற மருந்துக்கு ஒரு நல்ல துணையைப் பார்த்துக் கட்டி வைக்கவேணும்."

துணை என்று அவர் சொன்னது உலோகங்களை. வெள்ளியும் செம்பும் சிறிதளவு சேர்ந்தால் கிருமியின் சுவர் தளரும், தளர்ந்த இடத்தால் பழைய மருந்து உள்ளே நுழைந்துவிடும் என்று பெரிய ஆய்வுகூடங்களில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பதுளைக் கிருமிகளுக்கும் அது பலிக்குமா என்று பார்க்க அவருக்கு ஆசை. வழக்கமான வேலை முடிந்த பிற்பகல்களில் நாங்கள் இருவரும் தட்டுகளை அடுக்குவோம். முடிவுகளை அவர் சாதகம் பார்ப்பவர்போல அறிவிப்பார். "வெள்ளிக்கும் இதுக்கும் பத்துப் பொருத்தமும் இருக்கு." "செம்புக்கும் இதுக்கும் சரிவராது, செவ்வாய் தோஷம்." வளையம் நன்றாக விரிந்த தட்டை மூடியோடு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கடைவீதியில் நவாஸ் நானாவின் இரும்புக் கடைக்குச் செம்புக் கம்பி வாங்கப் போனபோதும் நான் கூட இருந்தேன்.

"வயரிங் வேலையா, டொக்டர்?"

"இல்லை நானா, கிருமி கொல்ல."

நவாஸ் நானா கம்பிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "அப்ப லைவ் வயருக்கா, எர்த்துக்கா?"

செம்பு டொக்டர் என்ற பெயர் அங்கேதான் பிறந்தது. நாங்கள் நடந்து திரும்புவதற்குள் அது எங்களுக்கு முன்பாகவே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டது.

மாரியாயியின் கதையை உங்களில் சிலர் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். நடந்தது இதுதான். நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் சுகாதாரக் கூட்டம் நடந்தது. மருந்தை இடையில் நிறுத்தக்கூடாது என்று பேசத்தான் டொக்டர் போனார். பேச்சு சூடுபிடித்ததும் உலோகக் கலியாணத்தையும் அவிழ்த்துவிட்டார். ஆனாலும் அவர் பொறுப்பானவர். முடிக்கும்போது மூன்று தரம் எச்சரித்தார். "இது இப்போதைக்குக் கோப்பையில மட்டும்தான். கோப்பையில மட்டும்தான் பலிக்கும். விளங்குதோ?"

"வெளங்குதுங்க" என்றது கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் விளங்கியது. வினையே அதுதான்.

இரண்டு மாதம் கழித்து, அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயி காலில் புண்ணோடு வந்து சேர்ந்தார். பொல்லாத கிருமி. ஒரே ஒரு மாத்திரைக்குத்தான் தட்டில் அகலமான வளையம் விழுந்தது. அதையே வீட்டில் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லை, எலும்பை நோக்கி இறங்கியது. பாதத்தை எடுக்க வேண்டி வரலாம் என்று சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னார். மலைச் சரிவில் ஏறி இறங்கிப் பிழைக்கும் ஒருவரிடம் அதைச் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

பரமேஸ்வரி டொக்டர் மூன்று தரம் திரும்பச் சோதித்தார். மூன்று தரமும் அந்தக் கிருமி தட்டில் செத்தது, காலில் வாழ்ந்தது. நான்காம் தரம் தட்டை எடுக்கப் போனவர் அதை மேசையில் வைத்துவிட்டார்.

"கிருமி பொய் சொல்லாது. இவவின்ர வீட்டில என்னவோ நடக்குது. வாங்கோ, போவம்."

பஸ் பிடித்து, இறங்கி, ஏற்றத்தில் நடந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போனோம். மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். மாரியாயியின் முகம் மலர்ந்தது. "டொக்டரம்மா சொன்ன மாதிரியேதாங்க" என்று நொண்டிக்கொண்டே உள்ளே போய் ஒரு பீங்கான் கோப்பையைக் கொண்டுவந்தார். அது நிறையப் பால் தேத்தண்ணீர். அடியில் ஒரு வெள்ளிக் கொலுசு கிடந்தது.

"ரத்தம் கொறைவுன்னு கிளினிக்குல குடுத்த இரும்பு மாத்திரையையும் இதோட சேத்துப் போட்டுருவேங்க. வெள்ளியும் ஆச்சு, இரும்பும் ஆச்சு. கோப்பையில மட்டுந்தான் பலிக்கும்னு மூணு வாட்டி சொன்னீங்களே, ஒரு நாள்கூட டம்ளர்ல குடிக்கலைங்க."

டொக்டர் என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டு. ஆய்வுகூடத்துத் தட்டையும் அவர் அப்படித்தான் சொல்வார். எங்கள் தோட்டங்களில் கோப்பை என்றால் தேத்தண்ணீர் குடிப்பது. அவருடைய எச்சரிக்கை இங்கே செய்முறை விளக்கமாகிவிட்டது. நான் இந்த மலையில் பிறந்தவன். ஆனால் அத்தனை வருடம் அவரோடு பழகியதில் அவருடைய தமிழ் என் காதில் ஊறிப்போயிருந்தது. மற்றவர்களுக்கு அது வேறாகக் கேட்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதற்குள் அடுத்த வீட்டுக் கங்காணி ஒரு செம்போடு வந்தார். தண்ணீரில் இருமல் மாத்திரைகள் கரைந்து கிடந்தன. "மூணு நாளா ஊறுதுங்க. செம்பு எறங்கின மாதிரியே தெரியலையே?"

டொக்டர் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மாரியாயியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்த இரும்புக் குளிசை கூடாதது இல்லையம்மா, உங்களுக்கு அது வேணும். ஆனா ரெண்டும் ஒரே நேரத்தில வயித்துக்குள்ள போனால், இரும்பு இந்த மருந்தின்ர கையைப் பிடிச்சு நிப்பாட்டிப்போடும். ரத்தத்துக்குப் போக விடாது. பாலும் அப்பிடித்தான். கொலுசைக் கழுவிப் பெட்டியில வையுங்கோ."

இறக்கத்தில் நடந்து திரும்பினோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின், "நல்ல கலியாணத் தரகி நான்" என்றார். "கட்டி வைக்கிறன் எண்டு போய்ப் பிரிச்சு வைச்சிட்டன்."

அடுத்த நாள் காலை அவர் அந்தத் தோட்டத்துப் பெரட்டுக்கே போனார். வேலைக்கு ஆள் பிரிக்கக் கூடியிருந்தவர்கள் முன்னால் நின்று, "பிழை என்ர. நான் சொன்ன கோப்பை வேற, நீங்கள் விளங்கின கோப்பை வேற" என்றார். பெரிய டொக்டர் ஒருவர் தன் பிழை என்று சொல்லி அந்தத் தோட்டம் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மருந்துக் குளிசையைக் காலமை எடுங்கோ. இரும்புக் குளிசையைப் பேந்து எடுங்கோ" என்று தொடர்ந்தார்.

கங்காணி கையை உயர்த்தினார். "பேத்து எடுக்கணுங்களா? மம்பட்டி கொண்டாரவா?"

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "ராமையா, இனி நீங்கள் சொல்லுங்கோ. நான் வாயைத் திறந்தால் ஆரோ சாகப்போயினம்."

பேந்து என்றால் அப்புறம் என்று அர்த்தம், காலையில் மருந்து, மதியம் சோற்றுக்குப் பிறகு இரும்பு, மாலையில் மறுபடி மருந்து என்று நான் சொன்னேன். அவர் அதோடு விடவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "ராமையா என்ன சொன்னவர்? உங்கட வாயால சொல்லுங்கோ" என்று கேட்டார். அன்றைக்கு வேலை அரை மணி நேரம் பிந்தித்தான் தொடங்கியது.

சில வாரங்களில் மாரியாயியின் புண்ணில் சிவப்பாகப் புதுச் சதை வந்தது. பாதம் தப்பியது. அந்தக் கொலுசைத் துணியில் முடிந்து ஆய்வுகூடத்துக்கே கொண்டுவந்தார். "ஒங்க கிருமிக்கு வச்சுக்குங்க டொக்டரம்மா" என்றார். டொக்டர் அவரை முக்காலியில் உட்கார வைத்து, தரையில் மண்டியிட்டு, ஆறிய காலிலேயே அதை மாட்டிவிட்டார். கொக்கி ஏறாமல் பல்லால் கடித்துத்தான் சரிசெய்தார். கிருமி ஆராய்ச்சி டொக்டர் செய்யக்கூடிய காரியமா அது?

பிற்பகல் தட்டுகளை அவர் நிறுத்தவில்லை. வெள்ளி அளவு கூடினால் மனிதருக்கும் நஞ்சு என்பதால் தட்டில் நடந்தது எதுவும் தட்டைத் தாண்டவில்லை. அது அவருக்குக் குறையாகவும் படவில்லை. "பெரிய இடங்களில கண்டுபிடிக்கட்டும். எங்கட கிருமியின்ர குணம் எங்களுக்குத் தெரிஞ்சாக் காணும்" என்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பெரட்டில் கேட்ட கேள்வி ஒன்றைத்தான். செய்தி வந்த அன்று அடுத்த பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனேன். மறுநாள் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டிய பெரியவர் ஒருவர் முதல் ஆளாக நின்றார். எல்லாம் சொல்லி முடித்து, "நான் என்ன சொன்னேன்? உங்க வாயால சொல்லுங்க" என்றேன்.

"காலையில வெறும் வயித்தோட வரணுங்க."

"சரி. வெறும் வயிறுன்னா?"

"ரொட்டி திங்காம, டீ மட்டும் குடிச்சிட்டு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.